எண்ணெய் லாரிக்காரர் வீட்டு லத்தீன்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் வூன்சாக்கெட்டில் குளிர்காலம் வந்துவிட்டால் இரண்டு விஷயங்களிடமிருந்து யாரும் தப்ப முடியாது. ஒன்று பனி, மற்றொன்று நார்மன் கோடெட்டின் பேச்சு. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை லாரியில் கொண்டுவந்து ஊற்றுகிறவர் அவர். வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் ஹோஸை மாட்டித் திறந்தால், நிலவறைத் தொட்டிக்குள் எண்ணெய் இறங்க இறங்க, உள்ளே இருக்கும் காற்று விசிலடித்துக்கொண்டு வெளியே வரும். விசில் நின்றால் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியே அடைத்துவிட வேண்டும். விசில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை நார்மனுக்கு வேறு வேலை கிடையாது. மரியாதைக்கு வாசலில் வந்து எட்டிப் பார்த்த வீட்டுக்காரர் அத்தனை நேரமும் அவரிடம் அகப்பட்டுக்கொள்வார்.

பேச்சு வானிலையில் தொடங்கும், ஹாக்கியில் சற்றே உட்காரும், கடைசியில் மகளிடம் போய்ச் சேரும். மகள் ஜெனவீவ், வீட்டில் ஜெனி. ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிஷுக்கு வரிசை நீளம் என்று சோம்பல்பட்டு லத்தீனில் பெயர் கொடுத்தவள். அதற்கப்புறம் அது அவளைப் பிடித்துக்கொண்டது. குளியலறையில் மற்றப் பெண்கள் பாட்டுப் பாடுவார்கள், இவள் லத்தீன் முணுமுணுப்பாள். நார்மனுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. அவருடைய அப்பா கம்பளி ஆலையில் நூல் முறுக்கியவர். நார்மனே பதினோராம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். ஆனாலும் குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்றுகொண்டு, முறை வந்தும் கதவைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஜெனி பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன செப்டம்பரில் இடி விழுந்தது. லத்தீன் ஆசிரியர் கோடையில் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். மேல்நிலை லத்தீன் வகுப்புக்கு மிஞ்சியிருந்தது நாலே நாலு பிள்ளைகள். வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் பள்ளி ஆலோசகர் என்று ஓர் இளைஞன் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"நாலு பேருக்காக ஒரு டீச்சரை வைக்க முடியாது சார். சைக்காலஜி எடுக்கச் சொல்லுங்க. செம ஜாலியா இருக்கும்."

"ஜாலிக்கா பள்ளிக்கூடம் அனுப்பறோம்?" என்றார் நார்மன்.

"மே மாசம் நாடு முழுக்க நடக்கிற லத்தீன் பரீட்சையை அவ எழுதலாம், அஞ்சுக்கு மூணு எடுத்தாலே பாஸ். அதுக்குத் தடையில்ல. ஆனா வெளியில யார்கிட்டயாவது படிச்சுக்கணும்."

காரில் திரும்பும்போது ஜெனி பின் இருக்கையிலிருந்து, "விடுங்கப்பா. நான் சைக்காலஜியே எடுத்துக்கறேன்" என்றாள். அந்தக் குடும்பத்தில் யாருக்குமே பொய் சொல்ல வராது. அடுத்த ஒரு வாரம் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டாம் நாள் காலை நார்மன் காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, "டீச்சர் நான் பிடிக்கிறேன்" என்றார்.

"எங்க, எண்ணெய்த் தொட்டிக்குள்ளயா?" என்றாள் ஜெனி.

அவர் மனைவி பாலெட் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவள். வாய்ச்சொல்லில் கணவனுக்கு இளைத்தவள் அல்ல. "உன் பேச்சுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்துது. இனிமே ஜன்னலையும் சாத்திக்கும்" என்றாள்.

சிரித்தாளே தவிர அவளுக்கு உள்ளுக்குள் ஆச்சரியம். ஒருவரிடம் போய்ச் 'செய்து கொடு' என்று கேட்பது நார்மனுக்கு வராது. கூரை ஒழுகினாலும் தானே ஏறுவார், குழாய் உடைந்தாலும் தானே அடியில் போய்ப் படுப்பார். ஒருமுறை தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டு மூன்று நாள் கஞ்சி குடித்தவர். அப்பேர்ப்பட்ட ஆள், விசில் அடிக்கும் நேரமெல்லாம் வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தார்: "உங்களுக்கு லத்தீன் தெரியுமா? தெரிஞ்சவங்க யாரையாவது தெரியுமா?"

எங்கள் ஊரில் எழுபது தாண்டிய யாரைக் கேட்டாலும் தனக்கு லத்தீன் தெரியும் என்றுதான் சொல்வார்கள். கத்தோலிக்கக் கோயில் பூசை லத்தீனில் நடந்த காலத்தில், சாமியாருக்கு உதவியாக நிற்கும் பீடச் சிறுவர்களாக இருந்தவர்கள். லூசியன் ஆர்ப்பென் என்ற கிழவர் ஒரு முழுப் பாடலையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். நார்மன் பூரித்துப்போய், "அர்த்தம்?" என்று கேட்டார்.

"அர்த்தமா? அது சாமியாருக்குத் தெரியும். நமக்கெதுக்கு?"

பல் டாக்டருக்குப் பற்களின் பெயர் தெரிந்தது. வக்கீலுக்கு இரண்டு சொற்றொடர் தெரிந்தது, அவற்றைத்தான் அவர் எல்லா வழக்கிலும் சொல்வார். மலைமேல் இருக்கும் தனியார் பள்ளியில் லத்தீன் துறைத் தலைவர் விட்கம் என்று ஒருவர், அவரும் நார்மனின் வாடிக்கையாளர்தான். அவர் வாசல்படியைவிட்டு இறங்காமலே, "வெளி மாணவர்களை நான் எடுக்கறதில்ல. பொண்ணுக்குப் பிழைப்புக்கு உதவற மாதிரி எதையாவது பாருங்களேன்" என்றார். நார்மனுக்குச் சுருக்கென்றது. விசில் நின்றதும் அடைத்துவிட்டு, வழக்கமாகச் சொல்லும் 'வரேன்' கூடச் சொல்லாமல் லாரியில் ஏறினார்.

கடைசியில் பங்குச்சாமியார் ரோலண்டிடம் போய் நின்றார். சாமியார் கையை விரித்தார்.

"நார்ம், சாமியாருக்குப் படிச்ச செமினரியில எனக்கு லத்தீன்ல ஜஸ்ட் பாஸ். கடவுள் சாட்சியா உண்மையைச் சொல்றேன், அதுவும் காப்பியடிச்சு. ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை கடைசி பெஞ்சுல ஒரு போர்த்துகீசியப் பொண்ணு உட்காரும், மடியில இரட்டைக் குழந்தை. நான் லத்தீன்ல வாயைத் திறந்தாலே முகத்தைச் சுளிக்கும். அதுக்குக் கண்டிப்பாத் தெரியும்."

அந்தப் பெண், லிடியா ஃபுர்ட்டாடோ, ஓர் அடுக்குவீட்டில் மூன்றாவது மாடியில் இருந்தாள். வயது முப்பத்தொன்று. கணவன் மீன்பிடிப் படகில் போகிறவன், வாரக்கணக்கில் கடலில் கிடப்பான். நார்மன் கம்பெனிச் சட்டையோடும் தொப்பியோடும் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவளின் தோளில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று.

"எங்களுக்கு வேற கம்பெனி எண்ணெய் வருது. மாத்தற ஐடியா இல்ல."

"எண்ணெய்க்கு வரலம்மா. லத்தீனுக்கு வந்தேன்."

கதவைச் சாத்தப் போன கையை அவள் எடுத்தாள். விட்கமின் பள்ளியில்தான் அவள் பாடம் நடத்தியிருக்கிறாள். பிரசவத்துக்காக விட்ட வேலை, அப்படியே போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாக அவளிடம் யாரும் 'லத்தீன்' என்ற சொல்லைச் சொன்னதில்லை. "எனக்குத் தூங்கவே நேரமில்ல" என்றாள் முதலில். பிறகு, "ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. சும்மா பார்க்கறேன், அவ்ளோதான்" என்றாள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஜெனி அவள் முன்னால் உட்கார்ந்து ஒரு பத்தி வாசித்தாள். அவள் முடிப்பதற்குள் லிடியா நிறுத்தினாள்.

"சூயிங்கம் மெல்லற மாதிரி வாசிக்கிற. எதுக்கு இந்த அவசரம்? வாக்கியம் முடியறதுக்குள்ளயே அர்த்தத்தைப் பிடிச்சு இழுக்கற. எழுதின ஆளு கடைசி வரைக்கும் சொல்லட்டும், பொறு. மறுபடி வாசி."

நார்மனுக்குச் சுர்ரென்று ஏறியது. தன் மகளை யாரும் இப்படிப் பேசியதில்லை. ஆனால் ஜெனியின் முகத்தைப் பார்த்தார், அது விளக்குப் போட்டதுபோல் இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

லிடியா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பாடம் நடக்கும் நேரம் முழுக்கத் தன் குழந்தைகள் ரூயியையும் இனேஸையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது என்றால் வேறு யார்? அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் நார்மன் விடிகாலையே எழுந்து, எண்ணெய் நாற்றம் போக முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு கிளம்புவார். அடுப்பங்கரைத் தரையில் இரண்டு குழந்தைகளுக்கும் நடுவே யானை மாதிரி உட்கார்ந்திருப்பார். பக்கத்து அறையிலிருந்து லத்தீன் வந்துகொண்டே இருக்கும். நடுநடுவே லிடியா, "பொறு... பொறு... ம், இப்ப சொல்லு" என்பாள். கிளம்பும்போது இனிப்பு ரொட்டி ஒன்றைப் பொட்டலம் கட்டித் தருவாள்.

கவிதைக்கு ஒரு காவியம், உரைநடைக்கு ரோமானியத் தளபதி ஒருவரின் போர்க்குறிப்பு என்று பாடம் போயிற்று. காவியம் நார்மனுக்கு எட்டவில்லை. போர்க்குறிப்பு பிடித்துவிட்டது. குறிப்பாக, தளபதி பெரிய ஆற்றின் குறுக்கே மரப்பாலம் கட்டிய பகுதி. மரத்தை எந்தச் சாய்வில் அடித்தார்கள், எப்படிக் கட்டினார்கள் என்று ஜெனியிடம் கேட்டுக் கேட்டு, அந்தப் பாலத்தைக் குளிர்காலம் முழுவதும் வூன்சாக்கெட்டின் ஒவ்வொரு வாசலிலும் அவர் கட்டினார். "என் பொண்ணு அதை நேரா லத்தீன்லயே படிக்கிறா" என்று முடிப்பார். குளியலறையில் முணுமுணுப்பு திரும்பி வந்திருந்தது. அவருக்கு அந்தக் குளிர்காலம் குளிராகவே தெரியவில்லை.

பிப்ரவரி கடைசியில் விட்கம் வீட்டுக்கு எண்ணெய் முறை வந்தது. நார்மனுக்குப் பழைய கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் விசில் தொடங்கியதும் வேண்டுமென்றே பாலக் கதையை எடுத்து விட்டார். விட்கம் புருவத்தைத் தூக்கினார்.

"அந்தப் போர்க்குறிப்பா? அதை இந்த வருஷப் பாடத்திலிருந்து எடுத்துட்டாங்களே. இப்ப கடிதங்கள்தான். புதுப் பட்டியல் வந்து எத்தனை மாசமாச்சு! யார் சொல்லிக்குடுக்கிறது?"

நார்மன் பெயரைச் சொன்னார்.

"ஓ, லிடியாவா. எங்ககிட்ட இருந்தவதான். பாவம், நல்ல பொண்ணு. குழந்தைகுட்டின்னு ஆயிட்டா எல்லாம் மறந்துதான் போகும். ஒண்ணு செய்யுங்க, உங்க பொண்ணை என்கிட்ட அனுப்புங்க, ஏதோ ஒரு நேரம் ஒதுக்கறேன். ஆனா பரீட்சை இந்த வருஷம் வேண்டாம். எழுதி எதுக்கு அசிங்கப்படணும்?"

விசில் எப்போது நின்றது என்று நார்மனுக்குத் தெரியாது. காலடியில் சளசளவென்று சத்தம் கேட்டுக் குனிந்தபோது, சிவப்புச் சாயம் கலந்த எண்ணெய் வழிந்து வெள்ளைப் பனியெல்லாம் சிவப்பாகிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் கூடச் செய்ய வெட்கப்படும் தப்பு அது. விட்கம் வாசலில் நின்று பார்க்க, மண்டியிட்டு, மண்வெட்டியால் பனியை அள்ளி அள்ளி லாரியிலிருந்த வாளியில் போட்டார். காது மடல் இரண்டும் எரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் பாலெட்டிடம் சொன்னார், ஜெனியிடம் சொல்லவில்லை. "நாலு மாசம்! நாலு மாசமா வேற புத்தகத்தைப் படிச்சிருக்கா. நானும் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கேன்."

"உனக்கு இப்ப எது வலிக்குது?" என்று கேட்டாள் பாலெட். "பொண்ணு படிப்பா, உன் தம்பட்டமா?"

அவர் சனிக்கிழமைவரை தனக்குள்ளேயே காரசாரமாக ஒரு பேச்சைத் தயார் செய்தார். மூன்று மாடிப் படியிலும் அதை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினார். கதவு திறந்ததும் இனேஸ் தத்தித் தத்தி வந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தயார் செய்த பேச்சில் பாதி அங்கேயே போயிற்று. மீதியை மட்டும், மகளை வைத்துக்கொண்டே, நேராகச் சொன்னார்.

"டீச்சர், பட்டியல் மாறிடுச்சாம். போர்க்குறிப்பு இல்லையாம். கடிதமாம். இவளைத் தன்கிட்ட அனுப்பச் சொல்றார் விட்கம்."

லிடியா கணினியைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என் தப்பு" என்றாள். "முழுக்க என் தப்பு. பழைய குறிப்பை அலமாரியிலேருந்து எடுத்தேன், அப்படியே நடத்த ஆரம்பிச்சுட்டேன். திரும்பிப் பார்க்கணும்னு தோணவே இல்ல. ஒரு டீச்சர் முதல்ல பார்க்க வேண்டியதே அதைத்தான்." பிறகு கணினியை மூடிவிட்டு, "விட்கம்கிட்டயே போங்க. எனக்கு அவரைப் பிடிக்காது, ஆனா பரீட்சைக்குத் தயார் பண்ணத் தெரிஞ்சவர்" என்றாள்.

ரூயி ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். நார்மன் மகளைப் பார்த்தார். 'விடுங்கப்பா' என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தார். அதற்காக நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டும் இருந்தார்.

"நான் எங்கயும் போகல" என்றாள் ஜெனி. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "அவர் எனக்குப் பட்டியலைச் சொல்லிக்குடுப்பார். நீங்க எனக்கு வாசிக்கச் சொல்லிக்குடுத்தீங்க. செப்டம்பர்ல எனக்கு ஒரு பத்தி உருப்படியா வாசிக்க வராது. இப்ப வரும். கடிதம்னா என்ன டீச்சர், அதுவும் வாக்கியந்தானே? இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நீங்க வேண்டாம்னா சொல்லுங்க, நானே படிச்சுக்கறேன். ஆனா மே மாசம் எழுதத்தான் போறேன்."

நார்மன் அவளைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறார், ஆனால் அன்றைக்குப் பட்ட பெருமை வேறு. இது அவள் படிப்புக்காக அல்ல, அவளுக்காக. தன் மகள் இப்படி ஒருத்தியாக வளர்ந்திருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

லிடியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாரத்துக்கு ஒரு நாள் போதாது" என்றாள். "செவ்வாய், வியாழன் சாயங்காலமும் வேணும். அப்போ இதுங்களை...?"

"வண்டி எங்க இருக்கு? ரெண்டு பேரும் உட்கார்ற தள்ளுவண்டி?" என்றார் நார்மன்.

இப்படித்தான் மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் ஊர்க் கடைத்தெரு ஒரு காட்சியைக் கண்டது. வேலை முடிந்த சட்டையைக்கூட மாற்றாமல், நார்மன் கோடெட் இரட்டைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். மழையென்றால் அதன்மேல் எண்ணெய் லாரியின் தார்ப்பாயைப் போர்த்தியிருப்பார். சாண்ட்விச் கடை வாசலில் நிற்கிற ஆட்கள் சும்மா விடுவார்களா?

"என்ன நார்ம், கம்பெனி மாறிட்டியா? இப்ப பால் டெலிவரியா?"

"ஆமாய்யா. இந்தத் தொட்டிங்க ரெண்டுக்கும் விசில் நிக்கவே மாட்டேங்குது!"

முன்புபோல் அவர் பாலத்தையும் படிப்பையும் பற்றிப் பேசவில்லை. யாராவது கேட்டால், "படிக்கிறா. டீச்சர் பார்த்துக்கறாங்க" என்பதோடு சரி. விட்கம் வீட்டுக்கு அடுத்த முறை போனபோது விசில் நிற்கும்வரை குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன முடிவு பண்ணீங்க?" என்று விட்கம் கேட்டதற்கு, "எங்க டீச்சரே போதும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அந்த மாதங்களில் லிடியா வீட்டு மூன்றாவது மாடியில் விளக்கு எரிய, உள்ளே ஒரு பழங்காலத்து மனிதர் எழுதிய கடிதங்களை இரண்டு பெண்கள் வரிவரியாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் ஜெனி அழுதுகொண்டே இறங்கி வருவாள். ஒரு நாளும் விடுகிறேன் என்று சொல்லவில்லை.

மே மாதப் பரீட்சைக்கு ஜெனியின் பள்ளியில் லத்தீன் எழுத இருந்தது ஒரே ஒருத்தி. ஆனாலும் விதி விதிதானே. நூலகத்தை அடுத்த அறையை ஒழித்து, கதவில் அமைதி காக்கும்படி அட்டை மாட்டி, கால்பந்துப் பயிற்சியாளரைக் கண்காணிப்பாளராகப் போட்டிருந்தார்கள். மணி அடிப்பதைக்கூட அந்தத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்தார்கள். ஆயிரம் பிள்ளைகள் அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். நார்மன் வாகன நிறுத்தத்தில், தன் வண்டியில், மூன்று மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். ஜெனி வெளியே வந்து, "கை வலிக்குது. சாப்பிடணும்" என்றாள். அதற்குமேல் அவர் கேட்கவும் இல்லை.

ஜூலையில் ஒரு காலை முடிவு வந்தது. ஜெனி கைபேசியைப் பார்த்தாள், அதைப் பைக்குள் போட்டாள். "அப்பா, வண்டியை எடுங்க."

"என்னம்மா ஆச்சு? எவ்வளவு?"

"முதல்ல டீச்சர்கிட்ட சொல்லணும்."

அவருக்கு ஒரு கணம் சுருக்கென்று தைத்தது. மூன்று தெரு தாண்டுவதற்குள் அது சரியாகிவிட்டது. முதலில் சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அடுக்குவீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டுத் தெருவிலேயே நின்றார். அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறும் சத்தம் மேலே போய் மறைந்தது. கீழ்வீட்டுக்காரர் ஒருவர் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாடித் தாழ்வாரக் கதவு படாரென்று திறந்தது. லிடியா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தலை வாரியிருக்கவில்லை, இடுப்பில் ரூயி தொங்கிக்கொண்டிருந்தான். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"நாலு! நார்மன், அஞ்சுக்கு நாலு! என் பொண்ணு நாலு வாங்கிட்டா!"

கீழ்வீட்டுக்காரர் குழாயைத் தாழ்த்தினார். "எதுல நாலு? யார் வாங்கினது?"

நார்மன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் வழிவதைத் துடைக்கவும் இல்லை.

"லத்தீன்ல" என்றார். "எங்க டீச்சர் வாங்கினதுய்யா. இடுப்புல ரெண்டு கைக்குழந்தையை வச்சுக்கிட்டு வாங்கினது."